பாதி யூரியா

சண்டிலிப்பாயில் கனகாம்பிகையின் நான்கு பரப்பு வெங்காயத் தோட்டத்துக்கும் அவள் கணவனின் தமையன் அருளம்பலத்தின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வரம்புதான். கணவன் யாழ்ப்பாணத்தில் பஸ் ஓட்டினான். தோட்டம் அவள் பொறுப்பு. விதை வெங்காயத்தை அவளும் அருளம்பலமும் ஒரே ஆளிடம், ஒரே நாளில் வாங்கி நட்டிருந்தார்கள்.

அருளம்பலம் யூரியாவை அள்ளி எறிவார். அளவு கிடையாது. எறிந்த கையோடு பாத்தி நிரம்பி வழிய இறைப்பார். போட்டதில் பாதி தண்ணீரோடு கீழே போய்விடுகிறது என்று விவசாயப் போதனாசிரியை கஜானி ஒருமுறை சொன்னபோது, "உந்தப் பிள்ளை மண்வெட்டி பிடிச்சிருக்குமே?" என்று அவள் முகத்துக்கு நேரேயே கேட்டவர்.

கனகாம்பிகை மண்ணைக் கஜானியிடம் சோதிக்கக் கொடுத்தாள். பழைய அளவில் பாதியை, பால்பேணித் தகரத்தால் அளந்து, மூன்று தரமாகப் பிரித்துப் போட்டாள். இறைப்பும் அளவாகத்தான்.

ஐந்தாம் கிழமை அருளம்பலம் வரம்பில் வந்து நின்றார். அவருடைய தோட்டத்தில் வெங்காயத் தாள் கரும்பச்சையாக முழங்காலைத் தொட்டது. அவளுடையது குட்டை, நிறமும் வெளிறல்.

"என்ன பிள்ளை, வெங்காயத்தைப் பட்டினி போட்டிருக்கிறீர்?"

"நான் தாள் விக்கிறேல்லை, அத்தான்."

அவர் சிரித்தார். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவள் பார்க்கிற சிரிப்பு. முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது அந்தளவுக்குக்கூட அவரை மதிக்கத் தோன்றவில்லை.

வெங்காயம் கிண்டி எடுக்கிற கிழமை, கனகாம்பிகையின் தோட்டத்தைக் காட்டக் கஜானி பத்துப் பன்னிரண்டு விவசாயிகளைக் கூட்டி வந்தாள். கனகாம்பிகை வாய் திறக்க முன்னரே அருளம்பலம் அவளுடைய பாத்திக்குள் இறங்கி நின்று விளக்கத் தொடங்கினார்.

"ரெண்டு தோட்டமும் என்ரை மேற்பார்வையிலைதான் நடக்குது. யூரியாப் பசளை விசயத்திலை நான் சொல்லுறபடிதான் இவ செய்யிறவ."

அவர் முடித்ததும் கனகாம்பிகை அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மூண்டாந்தரம் எத்தினையாம் நாள் போட்டது எண்டு சொல்லுங்கோ அத்தான். இவை எழுதட்டும்."

அருளம்பலம் தொண்டையைச் செருமினார். "அது... மழையைப் பொறுத்தது."

"இந்தப் போகம் மழையே பெய்யேல்லை."

யாரோ சிரித்தார்கள். அவள் தன் பாத்தியில் ஒரு பிடி பிடுங்கினாள்; வரம்பைத் தாண்டிப்போய் அவருடையதிலும் ஒரு பிடி. அவளுடையது சிவந்து இறுகிய வெங்காயம். அவருடையதில் விரல் தடிப்புக்குக் கழுத்து, அடியில் வெங்காயம் ஒன்றுமில்லை என்கிற அளவுக்குச் சின்னது.

"விதை பிழை," என்றார்.

"ரெண்டும் ஒரே விதை." பிடுங்கியதை அவர் காலடியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

கொட்டிலில் கட்டித் தொங்கவிட்ட அருளம்பலத்தின் வெங்காயம் மூன்று கிழமையில் அழுகி வடிந்தது. அடுத்த போகத்துக்கு முன் அவர் மனைவி குணலட்சுமி வந்தாள்.

"பசளை அளவை ஒருக்கா எழுதித் தாறீரே? என்ரை தங்கச்சி தோட்டம் செய்யப் போறாளாம்."

"உங்கடை தங்கச்சி கனடாவிலை எல்லே அக்கா?"

குணலட்சுமி நிலத்தைப் பார்த்தாள். தான் வரக் கூசி மனைவியை அனுப்பியிருக்கிறார்! ஆனால் குணலட்சுமி என்ன செய்வாள் பாவம். கனகாம்பிகை எல்லாவற்றையும் சரியாக எழுதிக் கொடுத்தாள்.

அந்தப் போகம் அருளம்பலத்துக்கு நல்ல விளைச்சல். முப்பது வருட அனுபவத்தில் தானே கண்டுபிடித்த முறை என்று சந்தித் தேத்தண்ணிக் கடையில் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்டுக் கொதித்துப்போய் வந்தான் அவள் கணவன்.

"நீர் போய் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"அந்த மனிசனோடை கதைச்சு என்ரை வாயை ஏன் பழுதாக்குவான்?" என்றாள், கொட்டிலில் வெங்காயம் தொங்கவிடக் கயிறு கட்டிக்கொண்டிருந்த கனகாம்பிகை. "இந்தக் கயித்தைப் பிடியுங்கோ."