கட்டாத வீட்டின் அழைப்பு மணி

இல்லாத வீட்டை விற்பதுதான் என் தொழில். பள்ளத்தைக் காட்டி, "இதுதாங்க உங்க படுக்கையறை" என்று கூசாமல் சொல்வேன். பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றால், "நீச்சல்குளம் இப்பவே வந்துடுச்சு, பாத்தீங்களா?" என்பேன். சிரித்தவர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அண்ணன் எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

எங்கள் அலுவலகம் பள்ளத்தின் ஓரத்தில் தகரத்தால் அடித்த ஒற்றை அறை. நடுவில் அட்டையில் செய்த கட்டடம். சுவரில் ஒரு பலகை, அதில் நாற்பத்துநான்கு வீடுகளுக்கும் நாற்பத்துநான்கு பொத்தான்கள். இரண்டு வருடத்தில் கட்டடம் எழும்பியதும் கீழ்வாசலில் மாட்டப்போகிற, மேலே வீட்டில் இருப்பவரோடு பேசக்கூடிய அழைப்பு மணிப் பலகை அது. இப்போதைக்கு விளக்கு எரிய மட்டும் மின்சாரம், வேறு எந்தக் கம்பியும் கிடையாது. கையெழுத்துப் போட்டவரை அழைத்துவந்து, "உங்க வீட்டு மணிய நீங்களே அடிங்க" என்பேன். பச்சை விளக்கு எரியும். படம் எடுத்துக்கொள்வார்கள். அப்படி மணியடித்தவர் யாரும் பிறகு மனம் மாறியதில்லை. இந்த உத்தி என்னுடையது. மேலாளர் தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

ஏழாம் மாடியில் ஏழு சி வீட்டை அண்ணனுக்கே விற்றேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர். இருபது வருடமாக வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட அண்ணி அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் பொத்தானை அழுத்திவிட்டு, "கதவத் தொறங்க மகாராணி" என்றார். அண்ணிக்கு முகமெல்லாம் வெட்கம். அன்று எனக்கும் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏழு சி-யில் விரல் பட்டது.

"யாரு?"

அண்ணியின் குரல். யாரோ விளையாடுகிறார்கள் என்று பலகையைக் கழற்றியே பார்த்தேன். பின்னால் விளக்குக் கம்பியைத் தவிர வெறும் தகரம்.

"யாருங்க கீழ? பேசுங்க."

"அண்ணி... நான்தான்."

"வாயாடியா? மேல வா. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு."

குரலில் களைப்பு இருந்தது. பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், "அண்ணன் எங்க?" என்று கேட்டுவிட்டேன். குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"என்னடி கேள்வி இது? அவரு போயி ஆறு மாசம் ஆச்சு. இந்த வீட்டுல ஒரு மாசங்கூட முழுசா இருக்கல. கடைசி வாரம் பூரா நீதானே பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சிக்கிட்டிருந்த? வேற யாரையும் தேடலயே மனுஷன்."

விளக்கு அணைந்தது.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அந்த வீட்டுக்கு அண்ணன் போகக்கூடாது. கோப்பில் ஒரு தாள் குறைந்தாலும் மூன்று நாளில் பதிவு ரத்து, அது எங்கள் விதி. அண்ணனின் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கிழித்துப்போட்டேன். நான்காம் நாள் ஒரு பல் மருத்துவர் வந்தார். ஏழு சி அவருக்குப் போனது.

அண்ணன் நேரே அலுவலகத்துக்கே வந்தார்.

"என் கையால குடுத்த தாளுடி. எங்க போச்சு?"

"அந்த வீடு உனக்கு வேணாம்ணே."

"எனக்கு வேணுமா வேணாமான்னு நீ யாரு சொல்ல? உங்க அண்ணி ரெண்டு நாளா சாப்பிடல. எவனோ கூடக் குடுத்தான்னு வித்துட்டியா?"

உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பார். "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும், உயிரோடு இருந்து ஆயுசு முழுக்கத் திட்டட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பல் மருத்துவர்? அண்ணனுக்கு வந்ததை அவர் தலையில் கட்டிவிட்டேனா? ஒரு வாரம் தூக்கமில்லை. அடுத்த முறை தனியாக இருந்தபோது ஏழு சி-யை அழுத்தினேன்.

"சொல்லுங்க!" அவரேதான். பின்னால் குழந்தைகளின் கூச்சல். யாரென்று சொன்னேன். "ஓ, வீடு வித்த அம்மாவா? வந்து மூணு வருஷம் ஆச்சுங்க, ஒரு குறையும் இல்ல. வீடுன்னா இதுதான் வீடு."

எனக்கு உயிர் வந்தது. ஒரு நிமிடம்தான். வீட்டின் மேல் குற்றம் இல்லை என்றால், அண்ணனைத் தேடி வந்த சாவு ஏழு சி-யால் வந்ததல்ல. அவர் எங்கே இருந்தாலும் அங்கே வரும். விற்ற வீடுகளின் பொத்தான்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்தினேன். யார் யாரோ பேசினார்கள். எதிலும் அண்ணி இல்லை.

அண்ணனோடு எனக்கு மிச்சம் இரண்டு வருடம். அதிலும் அந்தக் கடைசி வாரத்தை நானே கிழித்துப் போட்டிருந்தேன்.

கைப்பையைக்கூட எடுக்காமல் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அவர் செருப்பு கிடந்தது. கதவைத் தட்டினேன். அண்ணி ஜன்னலைப் பாதி திறந்தாள். அழுது வீங்கிய கண்கள்.

"அண்ணி, அண்ணனை ஒரு தடவ டாக்டர்கிட்ட..."

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. வந்த வழியே போயிரு."

உள்ளிருந்து அண்ணன் கேட்டார்: "யாரு?"

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாரும் இல்லங்க."