அடியில் முளைத்த மாடிகள்

ஒக்கலிபுரத்தில் ஓர் அறக்கட்டளை ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு, நன்கொடை வந்த ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஒரு மாடி வளர்ந்தது. புதிய தரைத்தளம் கதவு, ஜன்னல், குழாயோடு மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும். அதற்கு மேலிருந்த வீடுகளெல்லாம் ஆட்களோடும் பாத்திரங்களோடும் ஒரு மாடி உயர்ந்துவிடும். மாநகராட்சிப் பொறியாளர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். விரிசல் எதுவும் இல்லாததால், தண்ணீர்க் குழாயை நீட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சந்திரம்மா தரைத்தளம்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கியவள். அவள் கணவர் கோவிந்தப்பா சிட்டி ரயில் ஸ்டேஷனில் சுமை தூக்கியவர். இடுப்பு முறிந்த பிறகு படியேற முடியாது. அவளுக்கோ வாசலுக்குள் மேஜை போட்டு இஸ்திரி போடுகிற பிழைப்பு. குடிவந்த சில வாரங்களில், பட்டப்பகலில் ஒரு பள்ளிச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தெரு அவளைவிட்டுக் கீழே போயிற்று. சட்டை வாங்க வந்தவன் நீட்டிய கையோடு தெருவிலேயே நின்றுவிட்டான். வாசலுக்கு வெளியே தாழ்வாரமும் படிக்கட்டும் முளைத்தன. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு வருடங்களில் ஜன்னலில் முதலில் புங்கமரத்தின் உச்சி தெரிந்தது, பிறகு மேம்பாலம், பிறகு பருந்துகளின் முதுகு. காற்றடித்தால் குடத்துத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சந்திரம்மா ஜன்னலைத் திறப்பதை விட்டாள்; வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். துணி கொடுப்பவர்கள் படியேற அலுத்து வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விட ஒரு பயம் அவளைத் தூங்கவிடவில்லை: இவருக்கு ஏதாவது ஆனால் எப்படிக் கீழே இறக்குவது? கோவிந்தப்பா இருமினாலே எழுந்து விளக்கைப் போட்டாள்.

கடைசியில் ஆஸ்டின் டவுனில் இருந்த அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய், நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். அங்கே குடியிருப்பைக் கவனித்துவந்த சங்கமித்ரா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“குடியிருக்கறவங்க வேணாம்னு சொன்னா நிறுத்திருவாங்கக்கா. நீங்க ஒரு போன் பண்ணா போதும். ஆனா வீட்டுக்காகக் காத்துக்கிட்டு தகர ஷெட்ல இருக்கறவங்க அங்கியேதான் இருக்கணும். ஒருவாட்டி பாத்துட்டு சொல்லுங்க.”

ஷெட்டுகள் ராஜகால்வாய் என்கிற பெரிய சாக்கடையின் ஓரத்தில் இருந்தன. முந்தின நாள் மழையில் கால்வாய் பொங்கி, உள்ளே கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர் நின்றது. மமதா என்கிற பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில்மேல் நின்றிருந்தாள்.

“தண்ணியோட பாம்பு வந்துச்சுக்கா. அத்தொட்டு புள்ளைய கீழயே விடறதில்ல,” என்றாள். பிறகு, “வீடு மேல போறப்ப பயமா இருக்குமாக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கும். ரொம்பவே இருக்கும்.”

“பரவால்லக்கா. அவ்ளோ ஒசரத்துக்குத் தண்ணி வராதில்ல.”

சந்திரம்மா அந்தப் பெண்ணின் கால்விரல்களைப் பார்த்தாள். அவை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. அன்று அவள் போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை.

அந்த மாதமே நன்கொடை வந்தது. புதிய தரைத்தளத்துக்கு மமதா குடிவந்தாள். குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு நேராக மாடியேறி வந்து, இஸ்திரி மேஜையை இனித் தன் வாசலில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மமதாவின் வீடு உயர்ந்தபோது மேஜையை அடுத்து வந்தவர்களின் வாசலுக்கு இறக்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டுக்கு யார் வந்தாலும் வாசல் சந்திரம்மாவுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிந்தப்பாவை நாற்காலியில் வைத்து, ஒவ்வொரு மாடிக்காரரும் தங்கள் படிகளை மட்டும் இறக்கி, அடுத்த மாடிக்காரர் கையில் கொடுத்தார்கள். அவர் தெருவில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு அதேபோல் கைமாறி மேலே போனார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் இறந்தார். சந்திரம்மா பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. தாழ்வாரத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். மாடிக்கு மாடி வாங்கி, தலை அசையாமல் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கீழ்வீட்டுக்கு முந்தின வாரம் வந்தவர்களின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அவர்கள் மேஜையை ஓரமாக நகர்த்தி, வாசலைக் கழுவி, விளக்கேற்றி வைத்திருந்தார்கள்.

காரியம் முடிந்ததும் சங்கமித்ரா வந்து, அடுத்து முளைக்கிற தரைத்தளத்தை அவளுக்கே தருவதாகச் சொன்னாள். ஷெட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா என்று சந்திரம்மா கேட்டாள். இருக்கிறார்கள் என்றதும், தனக்கு வேண்டாம் என்றாள்.

இப்போதும் நன்கொடை வருகிற நாளில் அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கட்டில் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். பயம் துளியும் குறையவில்லை. மாடி நின்றதும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கீழே யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க இறங்கிப்போகிறாள்.