சிரிப்புக்கு விட்ட இடம்

சனிக்கிழமை சாயங்காலம் நான் அவ்வளவு அவசரமாக அக்கா வீட்டுக்குப் போனது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். ஏழு மணிக்கு டிவியில் வரும் எங்கள் கார்ட்டூனை மாமா பார்த்துவிடக் கூடாது. வாராவாரம் ஊரே பார்க்க வேண்டும் என்று எழுதுகிறவன் நான். அன்றைக்கு மட்டும் ஒருவர் பார்க்கக் கூடாது என்று வேர்க்க விறுவிறுக்க ஓடினேன். அன்றைய பகுதியில் மாமா என்னிடம் மனம் விட்டுச் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே எடுத்து ஓர் எருமையின் வாயில் வைத்திருந்தேன். பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அவரை நான் என்னவாக நினைத்தேன் என்பதும் தெரிந்துவிடும்.

பஸ்ஸிலேயே பொய்களை அடுக்கி வைத்துக்கொண்டேன். இந்த வாரம் ஒளிபரப்பு இல்லை. இருக்கிறது, ஆனால் பழைய பகுதி. மாமா, வாங்க, வெளியே ஒரு நடை போய்விட்டு வரலாம். மூன்றில் ஒன்றாவது நிற்காதா?

ஒன்றும் நிற்கவில்லை. கதவைத் திறந்ததுமே மாமா என் தோளில் கையைப் போட்டு உள்ளே இழுத்தார்.

"வா மாப்ளே வா! உனக்கு ஆயுசு நூறு. இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன். இன்னிக்கு எழுதினவனையே பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாக்கப் போறோம்!"

கூடத்தில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். மாமாவின் மருந்துக்கடையும் அவருடைய தையல்கடையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்பவை. மாமா ஒரு கட்சி, தையல்காரர் எங்கள் கட்சி. இருவரும் நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு ஒன்றாகவே ஷட்டரை இறக்குவார்கள். பார்த்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"வாங்க தம்பி. நம்ம எருமை இன்னிக்கு என்ன பண்ணப் போகுது?"

'நம்ம எருமை' என்றது மாமாவைத்தான்.

எங்கள் கார்ட்டூன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றியது. குடியிருப்பவர்கள் எல்லாம் மிருகங்கள். சங்கச் செயலாளர் எருமை. முதல் வருஷம் அந்த எருமைக்கு உயிரே இல்லாமல் இருந்தது. எருமையை வரையும் பெண்ணை நாங்கள் ஆர்ட்டிஸ்ட் என்றே கூப்பிடுவோம். அவள் ஒரு நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சார், நிஜ மனுஷன் யாரையாவது காட்டுங்க, அப்பத்தான் கை ஓடும்" என்றாள். நான் மாமாவை போனில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஜோக் சொல்வதற்கு முன்னாலேயே சிரித்து முடித்துவிடுவார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்காலைத் தட்டி, "வர்றியா, நான் மட்டும் போகட்டுமா?" என்று கேட்பார். அவள் எல்லாவற்றையும் எருமைக்குக் கொடுத்தாள். எருமை பிழைத்துக்கொண்டது, எங்கள் நிகழ்ச்சியும் பிழைத்துக்கொண்டது.

வேறு ஆளாக இருந்தால் என்னை எருமை ஆக்கிவிட்டானே என்று கோபித்துக்கொண்டிருப்பார். மாமா எங்கள் ஸ்டூடியோவுக்கே வந்து, ஆளுயர அட்டை எருமை ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய்க் கடை வாசலில் நிறுத்தினார். இருமல் மருந்து வாங்க வருகிறவரிடம்கூட, "அது யாரு தெரியுதா? நான்தான்" என்பார். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது நான் என்பதில் எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. அன்றைக்கு வரை உண்டு என்று சொல்ல வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஓர் ஆடும் இருந்தது. அது எங்கள் கட்சி. எதிர்வீட்டுப் பேப்பரை இரவல் வாங்கிப் படித்துவிட்டு உலகத்தைத் திருத்தப் புறப்படும், லிஃப்டில் மாட்டிக்கொள்ளும். எருமையையும் ஆட்டையும் சம அளவில்தான் கேலி செய்துகொண்டிருந்தோம். இரண்டு கட்சிக்காரர்களும் சிரித்தார்கள்.

அப்புறம் தேர்தல் வந்தது, நாங்கள் தோற்றோம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கோபத்தோடு எழுத உட்கார்ந்ததில் ஆட்டுக்கு ஞானம் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் நியாயம்தான். ஞானம் வந்த ஆட்டைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? சிரிப்பு முழுவதையும் சுமக்க எருமை ஒன்றுதான் மிச்சம் என்று ஆனது. வாரத்துக்கு வாரம் அதை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கினேன். மாமா ஒரு குறையும் சொல்லவில்லை. "இந்த வாரம் என்னை ரொம்பத்தான் ஓட்டிட்டே மாப்ளே" என்று சொல்லிவிட்டு எனக்குத் தட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பார்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் நான் அவரை மடக்கினேன். இவ்வளவு நடந்த பிறகும் எப்படி மாமா அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறீர்கள், அவர்களுடைய கொள்கை என்னவென்று தெரியுமா, விலைவாசியைப் பார்த்தீர்களா என்று மேடைப் பேச்சு மாதிரி விளாசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குக் கொள்கை கோட்பாடெல்லாம் தெரியாது மாப்ளே. அன்னிக்கு வந்து நின்னான்ல" என்றார்.

எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவசரமாக ரத்தம் வேண்டியிருந்தது. அந்தக் கட்சியைச் சேர்ந்த அதே தெருக்காரர் ஒருவர், மாமாவுக்கு அதுவரை முகப்பழக்கம் மட்டும் உள்ளவர், நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து அக்கா கண் திறக்கிற வரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றார். மாமா அதோடு எழுந்து கை கழுவப் போனார். எனக்குத்தான் மண்டைக்குள் கொதித்தது. மறுநாளே அதை வசனமாக்கினேன்.

காட்சி இதுதான். குடியிருப்புக்குள் ஓநாய் வருகிறது. எருமை கேட்டைத் திறந்துவிடுகிறது. ஏன் திறந்தாய் என்று ஆடு கேட்கிறது. எருமை அசை போட்டுக்கொண்டே, "எனக்குக் கொள்கையெல்லாம் தெரியாதுப்பா. அன்னிக்கு வந்து நின்னான்ல" என்கிறது. பின்னால் ஓநாய் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கோழி வீட்டுக் கதவைத் தட்டுகிறது. எருமை அதற்கு உட்கார நாற்காலி எடுத்துப் போடுகிறது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்ணம் தீட்டுவதற்கு முன், பென்சில் படங்களை மட்டும் கோத்து ஸ்டூடியோ ஆட்களுக்குப் போட்டுக் காட்டுவோம். எந்த வசனத்துக்கு எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று எடிட்டர் குறித்துக்கொள்வார். அவ்வளவு நேரத்துக்கு அந்த வசனத்துக்குப் பிறகு யாரும் பேசாமல் இடம் விடுவார். சிரிப்பொலி எதுவும் சேர்க்க மாட்டோம். வீட்டில் இருப்பவர்கள் சிரித்து முடித்து அடுத்த வசனத்தைக் கேட்க வேண்டும், அதற்குத்தான் அந்த இடம்.

ஓநாய்க் காட்சிக்கு அறையே அதிர்ந்தது. எடிட்டர் இதுவரை விடாத அளவுக்கு நீளமாக இடம் விட்டார். நான் மிதந்துகொண்டு வெளியே வந்தேன். ஆர்ட்டிஸ்ட் பின்னாலேயே வந்தாள்.

"சார், யாரும் சிரிக்கல."

"காது கேக்கலையா உனக்கு? கூரை பிச்சுக்கிட்டுப் போச்சே!"

"அது கைதட்டல் சார். சிரிப்பு வேற, கைதட்டல் வேற."

"நீ எந்தப் பக்கம்னே தெரியலையே."

"உங்க பக்கம்தான். ஊர்வலத்துல உங்களைவிட நான்தான் முன்னாடி போறேன். அதனாலதான் நானும் தட்டினேன். சிரிப்பு வரலையே, என்ன பண்றது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த எருமையை எனக்கு வரையவே பிடிக்கல சார். முகம் அவரோடது, உள்ள வேற யாரோ இருக்காங்க" என்றாள்.

உனக்கு அரசியல் நகைச்சுவை புரியாது என்று ஒரு போடு போட்டு அவள் வாயை அடைத்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரியாவிட்டால் சனிக்கிழமை இப்படி ஓடி வந்திருப்பேனா?

"மாமா, இன்னிக்குப் பழைய பகுதிதான் போடறாங்க" என்றேன்.

"இருந்தா என்ன? நல்லதுதானே, மறுபடி பாப்போம்."

"ஒரு நடை போயிட்டு வரலாமே."

"முழங்கால் வர மாட்டேங்குது மாப்ளே. கேட்டுப் பாத்துட்டேன்" என்று தட்டிக் காட்டினார். தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியில் செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்து டிவிக்குப் பின்னால் இருந்த வயரை உருவிவிட்டேன். திரை கறுத்தது. வெட்கம் கெட்ட வேலைதான், ஆனால் ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சு விட்டேன். தையல்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊசியில நூல் கோக்கறவனுக்கு இது ஒரு பெரிய வேலையா?" என்று மண்டியிட்டு வயரைச் சொருகிவிட்டார். படம் சரியாக எங்கள் முகப்பு இசையோடு வந்தது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா டீத் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். முதல் பத்து நிமிஷம் சாதாரணமாகப் போயிற்று. எருமை மாடிப்படியில் ஏறி மூச்சு வாங்கியதற்கு மாமா சிரித்தார். ஓநாய் வந்தது. கேட் திறந்தது. ஆடு கேட்டது.

"எனக்குக் கொள்கையெல்லாம் தெரியாதுப்பா. அன்னிக்கு வந்து நின்னான்ல."

பிறகு அந்த இடம் வந்தது. எடிட்டர் கைதட்டலை அளந்து விட்ட இடம். யாரும் பேசவில்லை. எருமை அசை போட்டபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. தையல்காரர் எங்கள் கட்சி, அவராவது தட்டுவார் என்று ஓர் அற்ப ஆசை எனக்கு. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமாவின் கடையைத் திறந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவர் காலி டம்ளரை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். அக்கா தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள். நான் அடுத்த வசனம் வரட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன், வரவில்லை. அவ்வளவு நீளமாக விட்டிருந்தோம்.

மாமா என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அவர் சிரித்தார். சத்தமாக, தொடையைத் தட்டி, "அடேயப்பா!" என்று சிரித்தார். அடுத்த வசனம் வருகிற வரை நிறுத்தாமல் சிரித்தார். ஜோக்குக்கு முன்னால் வரும் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், இது அது இல்லை. என்னை அந்த மௌனத்தில் தனியாக விட அவருக்கு மனசு வரவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

விளம்பரம் வந்ததும் தையல்காரர் எழுந்தார். "இஸ்திரிப் பெட்டியை அணைச்சேனா இல்லையான்னு சந்தேகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

"நல்லா இருந்துச்சு மாப்ளே" என்றார் மாமா. பிறகு, "அந்த ஓநாய் மட்டும்... அன்னிக்கு வந்து நின்னவருக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. ரெண்டும் இதை விடாம பாக்கும். அவங்களுக்கு எதுவும் புரியாது, இல்ல?" என்று கேட்டார்.

"புரியாது மாமா" என்றேன். அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

அக்கா தட்டை மேஜையில் வைத்தாள். கோபமாகக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்குக் கேட்கிறவள் மாதிரி நிதானமாகத்தான் கேட்டாள்.

"ஆடு இருக்கு, கோழி இருக்கு, ஓநாய் இருக்கு. உங்க மாமா இருக்காரு. எல்லாரையும் போட்டிருக்கே. அன்னிக்கு நீ எங்கடா இருந்தே? அதை ஏன் போடல?"

அன்றைக்கு மாமா ஏழு தடவை போன் செய்திருந்தார், நான் எடுக்கவில்லை. அந்தக் கட்சி மீது எனக்கு இருந்த கோபத்தில் எவ்வளவு தேர்தலுக்காக, எவ்வளவு அந்த வராந்தாவில் எனக்குப் பதிலாக நின்ற ஆளுக்காக என்று அக்கா முன்னால் நின்றபோது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"விடும்மா, சின்னப் பையனை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறே" என்றார் மாமா. டீயை எடுத்து என் கையில் கொடுத்தார். "அவனுக்கு அன்னிக்கு வேலை இருந்துச்சு."

விளம்பரம் முடிந்து எங்கள் முகப்பு இசை மறுபடி வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த வேலை இந்தக் கார்ட்டூன்தான்.