தோட்டத்து முகவரி

பத்துமலை கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே நின்றார். ஓட்டுப் போடும் நாளில் ஏழு மணிக்குள் ஈப்போவை விட்டுப் பழைய தோட்டத்துக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பது அவர் வீட்டுச் சட்டம். மகன் தனேஸ்வரன் தலைவாரித் தயாராக இருந்தான். மகள் ஷர்மினிதான் இன்னும் இரவு உடையிலேயே மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வரலப்பா. எனக்கு ஓட்டு இங்கதான், பின்னால உள்ள ஸ்கூல்ல. வேலைக்குச் சேர்ந்தப்பவே ஐசியில அட்ரஸ மாத்திட்டேன்."

பத்துமலைக்குச் சுருக்கென்றது. முகவரியை மாற்றாதே என்று எத்தனை வருடமாகக் கரடியாய்க் கத்தியிருப்பார்! நிர்வாகம் தோட்டத்தை விற்றபோது, வேலை செய்த குடும்பங்களுக்கு அங்கேயே வீடு கட்டித் தருவதாய்ச் சொன்னார்கள். முகவரியை வெளியூருக்கு மாற்றிக்கொண்டவர்களுக்குக் கிடையாது என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. யார் சொன்னது? கேட்டால் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் மொத்தமும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று எங்கே போய் விழுந்தாலும் ஐசி என்ற அடையாள அட்டையில் மட்டும் தோட்டத்து முகவரிதான். தனேஸ்வரன் பிறந்ததே ஈப்போவில். அவன் ஐசியிலும், அவன் பிறக்கும் முன்பே இடித்துத் தள்ளிய வீட்டின் எண்தான் இருக்கிறது.

"ஒனக்கென்ன பைத்தியமா? அங்க பேரு இல்லன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீடு கேக்குறது?"

"எந்த வீடுப்பா? ஒவ்வொரு எலெக்சனுக்கும் ஒரு வைபி ஓட்டுக் கேட்டு வந்து வீடு வீடுன்னு சொல்லிட்டுப் போறாரு. வந்துச்சா? நம்ம லிப்டு கெட்டு எத்தன மாசமாச்சு? ஏழாம் மாடிக்கு நீங்க மூச்சு வாங்க ஏறுறது இங்க. ஓட்டு மட்டும் அங்கயா லா?"

பத்துமலை கத்தினார். "படிச்ச திமிரு லா ஒனக்கு!" கதவு அறைபட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழத் தொடங்கியது.

கோலா கங்சார் போகும் பழைய சாலையில் மிச்சக் கோபமெல்லாம் தனேஸ்வரன் தலையில் இறங்கியது. அவனுக்கு இதுதான் முதல் ஓட்டு.

"ஓட்டுங்கிறது நமக்கு ஒரு பிடிடா. அத விட்டா நீ யாருன்னு கேப்பானுங்க. முன்ன ஒரு எலெக்சன்ல மழையில நின்னு போட்டேன். அரசாங்கமே மாறிச்சு. டிவிக்கு முன்னால ஒக்காந்து சின்னப்புள்ள மாதிரி அழுதேன், தெரியுமா?"

"அப்புறம் என்னப்பா ஆச்சு?"

பையன் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

"அப்புறம் என்ன... கட்சி மாறிட்டானுங்க. ஜெயிச்சவன் ஒருத்தன், நாற்காலியில ஒக்காந்தவன் இன்னொருத்தன்." ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிள்ளைக்கு நம்பிக்கை ஊட்டத் தொடங்கிய பேச்சு இப்படி வந்து நின்றதில் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, நடுவில் ஓட்டுச் சாவடியான தமிழ்ப்பள்ளி. திடல் நிறையக் கார்கள். "டேய், வயசாயிருச்சுடா ஒனக்கு!" என்று ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வரிசையில் முன்னால் நின்றவள் பழைய பக்கத்து வீட்டுக் குமுதா. ஜொகூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது.

தனேஸ்வரன் நாலாபுறமும் பார்த்துவிட்டுக் கேட்டான். "அப்பா, இங்க இப்ப யாரு குடியிருக்கா?"

"யாரும் இல்லடா."

"அப்ப இங்க ஜெயிக்கிறவரு யாருக்கு வேலை செய்வாரு?"

குமுதா 'களுக்'கென்று சிரித்தாள். பிறகு பத்துமலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவருக்குப் பையனை அறையலாம் போலவும் இருந்தது, அவன் தோளைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. வரிசை நகர்ந்தது.

உள்ளே மறைப்புக்குப் பின்னால் ஓட்டுச்சீட்டை விரித்தார். வேட்பாளர்களில் ஒருவரைக்கூட அவருக்கு நேரில் தெரியாது. வழக்கமாகப் போடும் சின்னத்தைத் தேடிப் பேனாவை வைத்தார். கை ஏனோ அழுத்தமாய்க் கீறியது.

வெளியே வந்தபோது குமுதா காரருகே காத்திருந்தாள்.

"ஷர்மினி எங்கண்ணே? இங்க லிஸ்டுல நெறையப் பேரு இருந்தாத்தானே வீடு கேக்க நல்லது?"

காய்ச்சல் என்று சொல்வதற்கு வழியிலேயே யோசித்து வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"அவளுக்கு வீட்டுப் பக்கத்துலயே ஸ்கூலு. அங்க போடுறா."

"வீடா? எந்த வீடுண்ணே?" குமுதா முகம் மலர்ந்து கேட்டாள். "வந்துருச்சா?"

பத்துமலை விளக்கப் போனார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடிப்போய்க் கார்களில் ஏறிக்கொண்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளி வாசலைத் தாண்டிச் செம்மண் பாதைக்கு வந்தார்கள். வலது பக்கம் பெரிய சாலை, இடது பக்கம் லயம் இருந்த இடம். எல்லாக் கார்களும் வலது பக்கம் திரும்பும் விளக்கையே போட்டன.