மச்சானின் கூடாரம்

கோடை விடுமுறையில் கடலோரம் கூடாரம் போட்டுத் தங்கும் திட்டத்தைப் பற்றி, மனைவியின் அண்ணனிடம் அச்சகக்காரர் மூச்சுவிடவில்லை. மச்சான் குறட்டை விட்டால் பக்கத்துக் கூடாரமும் விழித்துக்கொள்ளும். மனைவியிடமோ, "உங்கண்ணனுக்கு லீவு கிடைக்கலயாம்" என்று புளுகிவைத்திருந்தார்.

அவர் தரையில் வரைபடத்தை விரித்து இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மச்சான் ஒரு நீளப் பையோடு வந்து நின்றார்.

"தங்கச்சி சொன்னா. கடக்கரைக் காத்து பிச்சு எடுக்கும் மாப்ள, உங்க கூடாரம் தாங்காது. என்னோடத எடுத்துட்டுப் போங்க."

"நீங்களும் வாங்களேன் மச்சான். லீவு மட்டும் கிடைச்சா..."

"நான் லீவே கேக்கலயே," என்று சிரித்தார் அவர். "என் குறட்டைல நீங்க தூங்கின மாதிரிதான். சந்தோஷமா போய்ட்டு வாங்க."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், வரைபடத்தில் இல்லாத எதையோ அச்சகக்காரர் குனிந்து தேடிக்கொண்டே இருந்தார்.