இரண்டு விநாடிப் பார்வை

என் அண்ணன் பேச வாயைத் திறந்தால் ஓயமாட்டார்; பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் தேடுவார். அந்த வாயை நோய் அடைத்துவிட்டது. கை, காலும் போய், கண் மட்டும்தான் மிச்சம்.

மருத்துவமனை இன்ஜினியர் அம்மா கண்ணை மூடி மாட்டும் ஒரு ஹெட்செட்டைக் கொண்டுவந்து அவருக்கு மாட்டிவிட்டார். உள்ளே ஓர் அறை தெரியும். அதில் தண்ணீர் டம்ளர், ஃபேன், தலையணை, அண்ணியின் முகம். எதை இரண்டு விநாடி விடாமல் பார்க்கிறாரோ, அது தேர்வாகிவிடும். டம்ளர் என்றால் தாகம். அண்ணியின் முகம் என்றால் சமையலறையில் மணி அடிக்கும்.

அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து கரண்டியைத் தொடுவதற்குள் மறுபடி மணி. சரியாகத் தூங்கியே எத்தனையோ நாளான உடம்பு அது. ஒருநாள் வெடித்துவிட்டார்.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு? என் உயிரை எடுக்காதீங்க!"

அதோடு மணி நின்றது. வீடே நிம்மதியானது. எனக்கும் நிம்மதிதான், பொய் சொல்வானேன்.

அடுத்த முறை வந்த இன்ஜினியர் அம்மா, "மணியை அடிக்கவே மாட்டேங்கிறீங்களே, ஏன் சார்?" என்று கேட்டு, எழுத்துப் பலகையைத் திறந்தார். அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். அந்த அம்மா வாசித்தார்.

"கூப்பிடல. சும்மா பாத்துட்டு இருந்தேன்."

அண்ணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"பொண்டாட்டி முகத்துல போயா மணியை வைப்பீங்க? மனுஷன் பாக்க மாட்டானா?"

அந்த அம்மா மணியைத் தனிப் படமாக்கி, முகத்தை வெறும் முகமாக விட்டார். அண்ணனின் பார்வை எங்கே போகிறது என்று வெளித்திரையில் ஒரு புள்ளி காட்டும். அது டம்ளருக்குப் போனது, ஃபேனுக்குப் போனது, முகத்தின் ஓரம் வந்து விலகிப் போனது.

அண்ணி ஹெட்செட்டைக் கழற்றினார். அண்ணனின் கன்னத்தோடு கன்னம் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப எதுவும் மாட்டலைங்க. மணி அடிக்காது. எவ்ளோ நேரம் வேணும்னாலும் பாருங்க."

அண்ணனின் கண் மெல்ல வந்து அண்ணியின் முகத்தில் நின்றது. இரண்டு விநாடி ஆவதற்குள் சுவருக்குத் திரும்பிவிட்டது.