அட்டை அவிக்கிற கொட்டில்

மழைக்காகத்தான் எமிலியானுஸ் கொட்டில் போடத் தொடங்கினார். நாலு பக்கமும் அடைத்துக் கதவு வைத்தது மனிசருக்காக.

சண்டை ஓய்ந்து கடலைத் திறந்துவிட்ட பிறகு மெலிஞ்சிமுனைச் சுழியோடிகள் மறுபடியும் கடலட்டைக்கு இறங்கியிருந்தார்கள். பிடித்து வரும் அட்டையை அன்றைக்கே வயிறு கீறி, கடல்தண்ணியில் அவித்து எடுக்க வேண்டும். விட்டால் கூழாகிப் போகும். எமிலியானுசுக்கு இரண்டு முழங்காலும் செத்துவிட்டன. தோணியில் ஏற ஏலாது. கரையில் அவர் செய்யக்கூடிய வேலை என்று மிஞ்சியது அட்டை அவிக்கிற பெரிய கிடாரமும் அடுப்பும்தான். அதுவும் முற்றத்தில், வெறும் வானத்துக்குக் கீழே கிடந்தது.

சுழியோடிகளுக்கு முன்னுக்கு நிற்கிற அன்ரனிதாஸ் ஐப்பசி பிறந்ததும் வந்து சொல்லிவிட்டான்.

“அப்பு, மாரி முழுக்க அடுப்பு எரியவேணும். விறகும் நனையக் கூடாது. ஒரு கொட்டிலைப் போடுங்கோ. இல்லாட்டி அங்காலை அட்டை அவிக்கிற வாடிக்காரனிட்டைக் கொண்டுபோவம். பிறகு குறை நினைக்கக் கூடாது.”

“போடுறன் எண்டு சொன்னனான்தானே.”

குழி வெட்டத் தொடங்கினால் ஒரு முழத்துக்குக் கீழே கல். இரும்பு அலவாங்கு இறங்காமல் துள்ளியது. ஒரு குழிக்கு ஒரு பகல் என்று போனது. குந்தினால் எழும்ப முடியவில்லை, எழும்பினால் குந்த முடியவில்லை. வேலிக்கு அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சில்வெஸ்ரர், “எமிலி, நானும் ஒரு கை பிடிக்கட்டே?” என்றார்.

“உமக்கு உம்மடை வளவிலை வேலை இல்லையோ?”

சில்வெஸ்ரர் தன் முற்றத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் மீது எமிலியானுசுக்கு ஒரு கணக்கு இருந்தது. இடம்பெயர்ந்து போய் தொண்ணூற்றாறில் திரும்பி வந்தபோது வீட்டில் கதவில்லை, யன்னலில்லை, கூரை மரத்தில் ஒரு துண்டுகூட இல்லை. யார் கழற்றியது என்று யாருக்கும் தெரியாது. சில்வெஸ்ரர் அவருக்கு முன்னமே ஊருக்கு வந்தவர். எமிலியானுசுக்கு அது போதும்.

“அந்த மனிசனும் தன்ரை வீட்டைக் கதவில்லாமல்தானே கண்டது” என்று பெண்சாதி மாக்கிறேற் நூறு தரம் சொல்லிவிட்டாள்.

“அவன் அப்பிடித்தான் சொல்லுவான்.”

மூலைக்கு மூலை கப்பு நட்டு, கூரைக்கு வளை போட்டு, பழைய தகரத்தைக் கூரையாக அடித்து முடித்தபோது மாக்கிறேற் போதும் என்று நினைத்தாள். அவர் நிற்கவில்லை. பனைமரச் சிலாகையைக் குறுக்கே ஆணி வைத்து அடித்து, கிடுகு கட்டி, உள்ளுக்குள் உரப்பையும் வைத்து மறைத்தார். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு பலகைக் கதவு ஒன்று வந்தது. அதில் ஒரு ஆமைப்பூட்டு.

“வீட்டுக்குப் பின்கதவு இல்லை, சாக்குத் தொங்குது. விறகுக்குக் கதவு!” என்றாள் அவள்.

“வீட்டுக்குள்ளை எடுக்க என்ன கிடக்கு?”

“புகை போக, காத்துப் போக ஒரு ஓட்டையாவது விடுங்கோவன்.”

“ஓட்டை விட்டால் கை வரும்.”

காய்ந்த விறகை விலைக்கு வாங்கவும் அவருக்கு மனம் வரவில்லை. யாருடைய வீட்டு வளையோ, யாருடைய கதவு நிலையோ என்று ஒரு சந்தேகம். தன்னுடைய வளவுப் பூவரசையே தறித்தார். பச்சை மரத்தை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கினார். ஒன்றை இழுத்தாலும் தெரியும்படி, அடுக்கின் முகத்தில் குறுக்காகச் சுண்ணாம்புக் கோடும் இழுத்துவிட்டார். காலையிலும் மாலையிலும் கதவைத் திறந்து கோட்டைப் பார்ப்பார். கோடு கோடாகவே இருந்தது. விறகைப் பார்க்கவில்லை.

அடைமழை பிடித்து, பிறகு கொஞ்சம் தூறலாகக் குறைந்த ஒரு காலையில் அன்ரனிதாஸ் ஆட்களோடு வந்து நின்றான். மாரி பிறந்த பிறகு வந்த முதல் பாடு. கூடை கூடையாக அட்டை.

“நல்ல பெரிய அட்டை, அப்பு. கவனம். இது பழுதானால் என்ரை ஆக்கள் என்னையே அவிச்சுப் போடுவாங்கள்.”

தேங்காய் மட்டையும் மண்ணெண்ணெயும் போட்டு அடுப்பை மூட்டினார். கிடாரம் சூடேறியது. அட்டையைக் கொட்டிக் கிண்டத் தொடங்கினார்கள். மட்டை எரிந்து முடிந்து, விறகு பிடிக்க வேண்டிய நேரத்தில் விறகு பிடிக்கவில்லை. நுனியில் நுரை தள்ளிச் சீறியது. கொட்டில் நிறையப் புகை. ஆளை ஆள் தெரியவில்லை. எல்லாரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

அன்ரனிதாஸ் அடுக்கிலிருந்து ஒரு கட்டையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கட்டை தளிர் விட்டிருந்தது. வெளிறின பச்சையில் இரண்டு இலை.

“அப்பு, நீங்கள் விறகு அடுக்கினனீங்களோ, வேலி நட்டனீங்களோ?”

ஆட்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கிடாரத்துக்குள் அகப்பையை விட்டு ஒரு அட்டையை எடுத்து அமத்தினான். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

“கொதி விழுந்திட்டுது. இன்னும் கொஞ்சத்திலை எல்லாம் கூழ். நான் அங்காலை வாடிக்குத் தூக்கிறன், அப்பு. இனி அங்கைதான்.”

“பொறு.”

“எதுக்குப் பொறுக்கிறது? எரியுதே?”

மாக்கிறேற் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். “சில்வெஸ்ரரின்ரை குசினிப் பரணிலை காஞ்ச விறகு கிடக்கு. ஓடிப்போய்க் கேக்கட்டே?”

“வேண்டாம்.”

“உங்களுக்கு விசரே?”

அவர் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே இருந்ததெல்லாம் ஈரம். காய்ந்து கிடந்தது அடைப்பு மட்டும்தான். தாழ்வாரத்துக்குக் கீழே நனையாமல் நிற்கிற சிலாகையும் கிடுகும். அலவாங்கை எடுத்து முதல் சிலாகையில் குத்திக் கிளப்பினார். ஆணி கிரீச்சிட்டது. மூச்சு வாங்கியது. இரண்டாவதுக்கு அன்ரனிதாசும் கை கொடுத்தான்.

கிடுகு பொசுக்கென்று எரிந்து முடிந்தது. சிலாகைதான் நின்று பிடித்தது. ஒரு பக்கம் போனதும் காற்று நுழைந்து அடுப்பு முழங்கியது. மற்றப் பக்கமும் போனது. கொதி திரும்ப வந்தபோது போட ஒன்றும் மிச்சமில்லை. எமிலியானுஸ் கதவைப் பார்த்தார். பிணைச்சலோடு சேர்த்துப் பிடுங்கி, பலகையை அவரே பிளந்து தள்ளினார்.

மத்தியானம் தாண்டி அட்டையை வாரி எடுத்தார்கள். அடியில் கிடந்தவை கழிவு. மிச்சம் இறுகிக் கறுத்து வந்திருந்தது. அன்ரனிதாஸ் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தான்.

“பரவாயில்லை” என்றான். “நாளைக்கும் இறங்கிறம். கொண்டு வரட்டோ?”

எமிலியானுஸ் நாலு கப்புக்கும் ஒரு தகரத்துக்கும் நடுவில் வெறுந்தரையில் இருந்தார். எழும்ப ஏலவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல், தெரு, வேலி, அதற்கு அங்கால் சில்வெஸ்ரரின் முற்றம். அங்கே அந்த மனிசன் புகையைப் பார்த்துவிட்டு வந்து, கூப்பிட்டால் வரலாம் என்பது போல நின்றுகொண்டிருந்தார்.

“அப்பு, உங்களைத்தான். நாளைக்கு எதைப் போட்டு எரிப்பியள்?”

“கொண்டு வா” என்றார் எமிலியானுஸ். பிறகு பெண்சாதியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“போய்க் கேள். நான் கேட்டனான் எண்டு சொல்லாதை.”